மரத்தைவிட்டு இறங்கு, ஏணியைக் கொடு

“இது என்னைத்தான்! என்னையேதான் குத்திக் காட்டியிருக்காங்க!”

தையல்காரர் காலை உதறிய வேகத்தில் மிஷின் ஊசி படக்கென்று முறிந்தது. காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவர் கையில் சர்ச்சில் கொடுத்த துண்டுத்தாள் இருந்தது.

தவக்காலம் முழுவதும் காலைப் பூசைக்குப் போகிறவர்களுக்கு அப்படி ஒரு தாள் கிடைக்கும். மேலே ஒரு வேதாகமப் பகுதி, கீழே பங்கு மக்களில் யாராவது எழுதிய சிந்தனை. எழுதியவர் பெயர் இருக்காது. பெயர் போட்டால் தலைக்கனம் வந்துவிடும் என்பது ஃபாதரின் கருத்து.

“படிங்க, கேப்போம்” என்றாள் மனைவி.

“குள்ளனான சக்கேயு மரத்தில் ஏறினான். ஆண்டவர் கூப்பிட்டதும் இறங்கினான். அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். நம்மிடையே ஒருவர் இருக்கிறார். இரவல் வாங்கிய ஏணியை இன்னும் திருப்பிக் கொடுத்தபாடில்லை. சகோதரரே, நீர் எப்போது இறங்கி வருவீர்?”

மனைவி மேலே பார்த்தாள். உத்தரத்திலிருந்து இரண்டு கயிற்றில் படுக்கைவாட்டில் தொங்கியது ஏணி. தைத்து முடித்த கோட்டுகளும் கவுன்களும் அதன் படிகளில் வரிசையாக மாட்டியிருந்தன. மூன்று வருஷத்துக்கு முன்னால் பல்பு மாற்றுவதற்காகப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் வாங்கியது.

“பேசாம கொண்டுபோய்க் கொடுத்துடுங்களேன்.”

“இப்பக் கொடுத்தா அந்த ஆளு நான்தான்னு ஆயிடாதா? பீடத்துக்கு ஊதாத் திரை தைச்சுக் கொடுத்தேனே, ஒத்தப் பைசா வாங்கினேனா? அதை எழுத ஒருத்தனுக்கும் கை வரலை. ஏணியை எழுத மட்டும் வருது! எல்லாம் அந்த டாக்டர் வேலை. நேர்ல கேட்டிருந்தா தந்திருக்க மாட்டேனா?”

செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பிவிட்டார்.

பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்த ஓர் அம்மாளின் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர், உங்க ஏணி என்கிட்ட இருக்குன்னா என்கிட்ட சொல்லணும். ஊருக்கே நோட்டீஸ் அடிக்கக் கூடாது!”

டாக்டர் கையில் இடுக்கியோடு திரும்பினார். “ஏணியா? எங்க ஏணி உங்ககிட்டயா இருக்கு, மாஸ்டர்?”

தையல்காரர் வந்த வழியே ஓரடி பின்வாங்கினார்.

“யார்கிட்டக் கொடுத்தேன்னு மறந்துபோய், பேக்கரிக்காரர்தான் எடுத்துட்டார்னு மூணு வருஷமா அந்த மனுஷன் மூஞ்சியிலயே முழிக்கிறதில்லை! ரொட்டி வாங்க நாலு தெரு நடக்கறேன்! நல்ல மர ஏணி, இப்பல்லாம் தேடினாலும் கிடைக்காது. அதை அமுக்கி வெச்சுக்கிட்டு என்கிட்டயே சண்டைக்கு வர்றீங்களா?”

“அப்ப அந்தத் தாள்ல எழுதினது நீங்க இல்லையா?”

“எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே எழுதியிருப்பேன்! சக்கேயு நாலு மடங்கு கொடுத்தான். எனக்கு நாலு ஏணி வந்தாகணும், ஆமா!”

நாற்காலியிலிருந்த அம்மாள் வாயைத் திறந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் சர்ச் பாடகர் குழுவின் தலைவி. மரத்துப்போன வாய் தெளிய ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும்தான் தன் மானத்துக்கு ஆயுசு என்று தையல்காரருக்குப் புரிந்துவிட்டது.

அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக ஃபாதரிடம் போனார்.

“யார் எழுதினதுன்னு எனக்கே தெரியாதே” என்றார் ஃபாதர். “பெட்டியில போட்டுட்டுப் போறாங்க. நான் அச்சுக்குக் கொடுக்கறேன்.”

“அப்ப மறுப்புப் போடுங்க, ஃபாதர். அது நான் இல்லைன்னு போடுங்க.”

“வேண்டாம்ப்பா. விட்டா நாளைக்கு மறந்துடுவாங்க.”

“மாட்டேன்! என் பேரு கெட்டுப்போகுது, நீங்க மறந்துடுவாங்கன்றீங்க!”

மறுநாள் தாளில், நல்ல சமாரியன் பற்றிய சிந்தனைக்குக் கீழே, கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு வந்தது: ‘நேற்றுக் குறிப்பிட்ட ஏணி, நம் தையல்காரர் வீட்டில் இருக்கும் ஏணி அல்ல என்று அவர் தெரிவிக்கிறார்.’

அதற்கு முன்னால் பாதிப் பேருக்கு விஷயம் தெரியாது. இப்போது மீதிப் பாதியும் கடை வாசலில் நின்றது. பொத்தான் வைக்க வருவதுபோல வந்தவர்கள் எல்லாரும் தலையை அண்ணாந்துகொண்டே நின்றார்கள். பேக்கரிக்காரர் மாவு படிந்த கையோடு வந்து, “மூணு வருஷமா என்னைத் திருடன்னு நினைக்க வெச்சீங்களே, நல்லா இருப்பீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். தைக்கக் கொடுத்திருந்த இரண்டு பேர், தைக்காமலே துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

“இப்பவாவது...” என்று மனைவி ஆரம்பித்தாள்.

“கொடுக்கறேன்! மறைச்சு இல்லை, அத்தனை பேரு முன்னாடியும் கொடுக்கறேன். வாங்கிக்கிட்டு வாயை மூடட்டும்!”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது, தையல்காரர் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வளாகத்துக்குள் நுழைந்தார். வியர்வை வழிந்தது. கூட்டம் வழிவிட்டது. சிலுவைப்பாதையின் பதினாலு ஸ்தலங்களோடு பதினைந்தாவது ஒன்று புதிதாகச் சேர்ந்ததோ என்று நினைத்த ஒரு கிழவி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஏணியைப் பல் டாக்டர் காலடியில் தொப்பென்று போட்டார். “இந்தாங்க உங்க ஏணி. நான் திருடன் இல்லை. மறந்துட்டேன். மறதிக்குப் பேரு பாவம்னா, இங்க யாருமே மோட்சத்துக்குப் போக முடியாது!”

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிற குரல் அவருக்கு.

“பரவாயில்லை, மாஸ்டர். நாலு மடங்கெல்லாம் வேண்டாம். இது தவக்காலம். மன்னிச்சுட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். அடுத்தவன் பொருளை இரவல் வாங்கினா, வேலை முடிஞ்ச கையோட கொடுத்துடணும். எங்க வீட்ல அப்படித்தான் வளர்த்தாங்க.”

பலர் தலையாட்டினார்கள். யாரோ ‘ஆமென்’ என்றுகூடச் சொன்னார்கள். தையல்காரர் அவமானத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மெழுகுவர்த்திகளை அணைத்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்த, சர்ச்சில் மணியடிக்கிறவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தார். ஏணியின் அடிப்படியைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

“அட, நம்ம மணிக்கூண்டு ஏணி! ஒரு மணி நேரத்துல தர்றேன்னு எட்டு வருஷத்துக்கு முன்னால நீங்க வாங்கிட்டுப் போனதாச்சே, டாக்டர்! நேர்ல கேட்கக் கூச்சமா இருந்துச்சு, அதான் பேரு போடாம எழுதிப் போட்டேன். உங்களுக்கு எழுதினதுக்கு, பாவம் இவரு ஏன் தூக்கிட்டு வர்றாரு?”