திரையை அளந்த சாண் அண்ணன்

கம்ப்யூட்டர் புரோகிராமைக் கையால் அளந்து பார்த்துச் சரி சொன்ன ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் கள்ளக்குறிச்சி ஆபீசில்தான் இருந்தார். பெயர் சாண் அண்ணன். சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டையில் இருந்திருக்கும்.

உரக்கடைக்கு மேல்மாடியில் ஏழு பேர் கொண்ட கம்பெனி. அண்ணன்தான் எங்களுக்கு மூத்தவர்; யார் எழுதிய புரோகிராமும் அவர் பாஸ் போட்டால்தான் கம்ப்யூட்டரில் ஏறி ஓடும். ஒரு வேலையைச் செய்து முடிக்கச் சேர்த்து எழுதும் வரிகளுக்கு எங்கள் தொழிலில் மெத்தட் என்று பெயர். அது எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று ஊர் உலகமெல்லாம் சண்டை நடக்கிறது. எங்களிடம் அந்தப் பேச்சே கிடையாது. அண்ணன் திரைமேல் கட்டைவிரலை ஊன்றிச் சுண்டுவிரலை நீட்டுவார். அதற்குள் அடங்கினால் பாஸ். ஒரு வரி வெளியே தெரிந்தால் போச்சு.

"இன்னாம்மா இது, ரயிலு மாதிரி போய்க்கினே கீது? பிரிச்சி எழுது."

கூட வேலை செய்யும் செந்தில் ஒருமுறை எழுத்தை எறும்பு அளவுக்குச் சுருக்கிக் காட்டினான். அண்ணன் எழுத்தைப் பழையபடி பெரிதாக்கிவிட்டு அளந்தார். மூன்று சாண்.

எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது மலை வேலையில். கல்வராயன் மலையில் எந்த ஊர்ச் சாமை மூட்டையை எந்த வேன் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் புரோகிராம். ஓர் ஊருக்கு மழை பெய்தால் பாதை கிடையாது. இன்னோர் ஊரில் திருவிழா என்றால் மூட்டை தூக்க ஆள் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே மெத்தட்டில் எழுதி வைத்தேன், நானூறு வரி. அண்ணன் உருட்டி உருட்டி அளந்தார். பதினொரு சாண் வந்தது.

"மலை ரோடே வளைஞ்சி வளைஞ்சி போவுது அண்ணா. இது மட்டும் எப்டி சாண்ல அடங்கும்?"

"மலைக்கு நான் பொறுப்பில்ல. இதுக்கு நான்தான்."

"சரி, உங்க சாணா, என் சாணா? என் கைய பாருங்க, எவ்ளோ சின்னது! ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணா இருக்க வேணாமா?"

அண்ணன் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் சீட்டுக்கு நடந்தார்.

அப்போது எனக்கு ஒன்பதாவது மாதம். மெத்தட் பாஸாகாமலே சங்கராபுரத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து ஒரே பயம். நான் லீவில் இருக்கும்போது வேறு யாராவது அதைக் கூறுபோட்டு எழுதிவிட்டால், திரும்பிப் போகும்போது எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்? நாற்காலிகூட இருக்காது.

பிள்ளை பிறந்த பத்தாம் நாள், கையில் ஆப்பிள் பையோடு அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"உன் புரோகிராம அப்டியே ஏத்திட்டேன். நல்லா ஓடிக்கினு கீது. செந்திலு பிரிக்கிறேன்னு வந்தான், தொடாதடான்னு திட்டி அனுப்ச்சிட்டேன்."

"பதினோரு சாண் அண்ணா?"

"நீ வந்து பிரி. எந்த ஊருக்கு எப்ப பாதை இருக்காதுன்னு உனக்குத்தான் தெரியும். எத்தினி மாசமானாலும் உன் சீட்டு அங்கதான்."

இவரோடா சண்டை போட்டேன் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையை எப்படிப் பார்ப்பது என்று தெரியாத மனிதர், சட்டென்று பாயில் தூங்கும் பிள்ளை பக்கம் குனிந்தார். மேலே படாமல் கட்டைவிரலை வைத்துச் சுண்டுவிரலை விரித்தார். அது முடிந்த இடத்திலிருந்து மறுபடியும் ஒருமுறை வைத்தார். பாதம் மட்டும் கொஞ்சம் வெளியே நின்றது.

"ரெண்டு சாணுக்கு மேல ஜாஸ்தி," என்றார் மெதுவாக. "பரவால்ல, அப்டியே இருக்கட்டும்."