தொண்ணூறில் ஆடிய வண்டி

அன்று காலை செங்கல்பட்டில், கடற்கரை அழகுபடுத்தும் திட்ட அலுவலகத்தின் போர்டிகோவில் இருந்தவர்கள்: திட்ட அலுவலர் ராஜகோபாலன், கண்காணிப்பாளர் செங்கல்வராயன், கணக்கர் பாலசுப்ரமணியன், தட்டச்சர் ஜாய்ஸ், கம்ப்யூட்டர் பாலா, பெருக்கித் துடைக்கும் கன்னியம்மா, ஓட்டுநர் சைஃபுல்லா, தெருவிளக்கு கேட்டு மாமல்லபுரத்திலிருந்து வந்திருந்த பஜ்ஜிக் கடைக்காரர் ஒருவர். ஆக எட்டு பேர். மனு கொடுக்க வந்தவரை எண்ணுவது அந்த அலுவலகத்தில் வழக்கமில்லை. இருந்தாலும் கணக்கு என்றால் கணக்கு.

எட்டு பேருக்கும் நடுவில் அலுவலகத்தின் வெள்ளை வண்டி நின்றது. ஓட்டுநரையும் சேர்த்து ஏழு பேர் உட்காரலாம். அதுதான் அன்றைய விவாதப் பொருள்.

முந்தின நாள் மதுராந்தகத்திலிருந்து திரும்பும்போது, பாலாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் வண்டி தொண்ணூறைத் தொட்டது. தொட்டதும் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. பின் சீட்டில் இருந்த ராஜகோபாலன் உடம்பு இளைப்பதற்காகக் குடித்துவந்த சப்ஜா விதைத் தண்ணீர், அவருடைய சட்டையை நன்றாக அழகுபடுத்திவிட்டது. மறுநாள் வந்ததும் முதல் வேலையாகச் சைஃபுல்லாவுக்கு மெமோ கொடுத்தார். வண்டி ஆடவில்லை, ஓட்டுநர் தள்ளாடும் நிலையில் இருந்தார், அவரை ஏன் தண்ணீர் லாரிக்கு மாற்றக் கூடாது என்று அதில் கேட்டிருந்தது.

சைஃபுல்லா பீடி கூடப் பிடிக்காதவர். அவருக்கு லாரிகூடப் பெரிதில்லை. குடிகாரன் என்ற பெயரோடு எப்படித் தெருவில் நடப்பது என்பதுதான் பெரிதாக இருந்தது.

வண்டி ஏன் ஆடுகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் நாவலூரில் ராஜகோபாலன் அய்யா குடியிருக்கும் அடுக்குமாடி வாசலில் காத்திருந்தபோது, அங்கிருந்த கார்களெல்லாம் அகல டயர் போட்டுக்கொண்டு பயில்வான் போல நிற்பதைப் பார்த்தார். நடுவில் நம் வண்டி மட்டும் கடன் கேட்க வந்ததுபோல ஒடுங்கி நின்றது. அய்யாவின் காதில் மெதுவாகப் போட்டார். அய்யாவுக்கும் அதே ஏக்கம் இருந்திருக்கிறது. திருப்போரூரில் கடை வைத்திருக்கும் சைஃபுல்லாவின் மச்சான் காஜா மொய்தீன், நான்கு அகல டயரை மாட்டினார். கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தால்தான் எடுப்பு என்று, ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்ளே ஒரு கனத்த வளையத்தையும் சேர்த்தார். அன்று முதல் நிற்கும்போது வண்டி ராஜா. ஓடும்போதுதான் பேஜாரு.

மெமோ வாங்கிய கையோடு மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், வண்டி ஆடுது."

"நிக்கும்போது ஆடுதா?"

"இல்ல."

"அப்போ என் மேல இன்னா தப்பு?"

உண்மையைச் சொன்னால் மச்சான் மாட்டுவார். யோசனை சொன்னவரும் மாட்டுவார். சைஃபுல்லா வாயை மூடிக்கொண்டார்.

செங்கல்வராயன் விசாரணையைத் தொடங்கினார்.

"என்னப்பா சைஃபுல்லா, எந்த வேகத்துல ஆடிச்சு?"

"தொண்ணூறுல சார்."

"எண்பதுக்கு மேல போகக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கே."

"அய்யாதான் சீக்கிரம் போன்னாரு."

ராஜகோபாலன் தொண்டையைக் கனைத்தார். "சீக்கிரம்னுதான் சொன்னேன். தொண்ணூறுன்னு சொல்லலை."

"எண்பதுக்குள்ள ஆடிச்சா?"

"ஆடலை சார்."

"ஆக, விதிகளின்படி ஆட்டம் நடைபெறவே இல்லை" என்று முடித்தார் செங்கல்வராயன்.

"அப்போ என் சட்டை?"

சட்டை விதிகளுக்குப் புறம்பாக நனைந்தது என்று அய்யாவிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை. எனவே நேரடி ஆய்வு என்று முடிவானது. அலுவலகத்தார் ஏழு பேரும் ஆய்வுக் குழுவாகி வண்டியில் ஏறினார்கள். "நான் இன்னாத்துக்குப்பா?" என்று கேட்ட கன்னியம்மாவையும் ஏற்றிக்கொண்டார்கள். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பஜ்ஜிக் கடைக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது.

குழுவே சுற்றறிக்கையை மீறலாமா? எழுபத்தைந்துக்கு மேல் போகாமல் மதுராந்தகம் வரை போய்த் திரும்பினார்கள். வண்டி அசையவில்லை.

"அதே ரோடு, அதே வண்டி, அதே டிரைவர். நேத்து ஆடிச்சு, இன்னிக்கு ஆடலையே?" என்று வியந்தார் ராஜகோபாலன்.

"நேத்து பின்னாடி நீங்க மட்டும் இருந்தீங்க சார். இன்னிக்கு நாங்க இத்தனை பேர் இருக்கோம்" என்றார் ஜாய்ஸ்.

சைஃபுல்லா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கரெக்ட் மேடம்! வெயிட்டுதான் சார். காலியா போனா காத்து தூக்கிகினு போவுது."

மெமோ அந்த இடத்திலேயே ரத்தானது. சைஃபுல்லா மனதுக்குள் அல்லாவுக்கு நன்றி சொன்னார். விஷயம் அதோடு முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. வண்டி வெளியே போகும்போதெல்லாம் உள்ளே பாரமாக உட்காருவதற்கு 'நிலைநிறுத்தும் பணியாளர்' என்ற பொறுப்பு உண்டாக்கப்பட்டது. அதற்குத் தனி பேட்டா உண்டு என்று தெரிந்ததும் அலுவலகத்தின் முகமே மாறியது. அதுவரை அங்கே இளைப்பதுதான் மோஸ்தராக இருந்தது. செங்கல்வராயன் மதியம் கம்பங்கூழ் குடித்துவிட்டு, கையில் கட்டிய கடிகாரம் எத்தனை அடி காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். இப்போது கடிகாரம் மேசை டிராயருக்குள் போனது. கூழுக்குப் பதில் பிரியாணி வந்தது. எல்லாரும் அரிசி மண்டித் தராசில் ஏறி நின்று எடைச் சான்று வாங்கினார்கள். கன்னியம்மாவின் எடை போதவில்லை என்பதால், மடியில் ஒரு சிப்பம் அரிசியோடு உட்கார அனுமதி கொடுத்தார்கள்.

தெருவிளக்கு என்ன ஆயிற்று என்று கேட்க பஜ்ஜிக் கடைக்காரர் மறுபடி வந்தபோது, அவரையும் தராசில் ஏற்றினார்கள். நூற்றுப் பதினொரு கிலோ. செங்கல்வராயன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அந்த அலுவலகத்தில் ஒரு மனுதாரருக்கு அப்படி மரியாதை கிடைத்ததே இல்லை.

"பேட்டா எவ்ளோ சார்?" என்று கேட்டார் அவர். அதற்குப் பிறகு விளக்கைப் பற்றி அவர் பேசவில்லை.

மாமல்லபுரத்தில் கடற்கரை ஆய்வு நாள் வந்தது. யார் எங்கே உட்காருவது என்று பாலா கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார். முன்னால் இடது பக்கம் செங்கல்வராயன், நூற்றெட்டு. வலது பக்கம் சைஃபுல்லா, ஐம்பத்தொன்று. வண்டி இடது பக்கம் சாயும் என்றது கணக்கு. எனவே சைஃபுல்லாவை இறக்கிவிட்டு, அவர் இடத்தில் பஜ்ஜிக் கடைக்காரரை உட்கார வைத்தார்கள்.

"சார், அவருக்கு ஓட்டத் தெரியாதே?"

"ஓட்டுவது தனிப் பொருள்" என்றார் செங்கல்வராயன். "அடுத்த கூட்டத்துல வெப்போம். இன்னிக்கு ஆடாம இருக்கறதுதான் பொருள்."

ஓட்டுநர் வேலையே கைவிட்டுப் போகிறதே! இனி மறைத்துப் பயனில்லை. சைஃபுல்லா திறந்திருந்த கதவருகே குனிந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"அய்யா, டயர்தான் காரணம். நான்தான் உங்க காதுல போட்டேன், என் மச்சான்தான் மாட்டினான். பழைய டயரு அவன் கடையிலயே கீது. அரை மணி நேரத்துல மாட்டிடலாம். அப்புறம் ஆடவே ஆடாது."



"ஆடலைன்னா?" என்று மெல்லக் கேட்டார் கணக்கர் பாலசுப்ரமணியன். "நாங்கல்லாம் எதுக்கு?"

ராஜகோபாலன் வெளியே துருத்தி நின்ற சக்கரத்தைக் கண்ணாடி வழியே ஆசையோடு ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சைஃபுல்லா, தீர்வு காணப்பட்ட பிரச்சினை இது. கிளறாதே."

"கதவச் சாத்து நைனா" என்றாள் அரிசி சிப்பத்துக்குப் பின்னாலிருந்து கன்னியம்மா. "ஏசி வெளிய போவுது."

சைஃபுல்லா கதவைச் சாத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாலை ஐந்தே முக்காலுக்கு அலுவலகம் முடியும் வரை, நின்ற இடத்திலேயே வண்டி ஒரு நூலிழைகூட ஆடவில்லை.

வண்டிக்குள் ஏழு பேர். போர்டிகோவில் மீதி ஒருவர்.