ஐஸ் பெட்டியில் வைத்த வவ்வால்

நாலு பேர் கேட்க உட்கார்ந்துவிட்டால் என் வாய் நிற்காது. அந்த வாயால் ஒரு உயிர் போயிருக்கிறது.

அப்போது திண்டிவனம் பக்கம் ஒரு காட்டுயிர்க் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடிபட்டு வரும் பழந்தின்னி வவ்வால்களுக்குக் கொய்யாவும் பப்பாளியும் நறுக்கிப் போடுவதும் கூண்டு கழுவுவதும் என் வேலை. ஊரில் என்னை 'வவ்வால் டாக்டர்' என்று சொல்லிக்கொண்டேன். (ஊசியைப் பார்த்தால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொள்கிற டாக்டர்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கரண்டு கம்பியில் அடிபட்டு ஒரு வவ்வால் கீழே கிடப்பதாக ஆள் வந்து சொன்னார். ஓடினேன். தாய் செத்திருந்தது. அதன் வயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி, உயிரோடு. காப்பகத்துப் பெரிய சாருக்கு போன் செய்தேன்.

"துணில சுத்தி, வெயில் படாம, அடுத்த பஸ்லயே எடுத்துக்கினு வா," என்றார்.

குட்டியைத் துண்டில் சுற்றி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்தேன். ஆனால் அடுத்த பஸ்ஸில் போகவில்லை. என் வீரத்தை டீக்கடையில் சொல்லாமல் ஊரை விட்டுக் கிளம்ப எனக்கு மனசு வரவில்லை.

அக்கா மீன் வியாபாரம் செய்கிறவள். பின்வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு வாசலிலிருந்தே கத்தினேன்.

"அக்கா, வவ்வால் வச்சிருக்கேன். வெயில் படாம பாத்துக்க. பெரிய சாருக்கு எடுத்துக்கினு போவணும்."

"எத்தினிடா?"

"ஒண்ணுதான். சின்னது."

"ஒண்ண எடுத்துக்கினு அம்மாந்தூரம் போறியா? அவரு இன்னா நெனைப்பாரு?"

"இது கெடைக்கறதே அருமை. பூனை வராம பாத்துக்க."

"சரி போ, நான் பாத்துக்கறேன்."

எங்கள் கரையில் வவ்வால் என்றால் முதலில் மீன்தான். வாய்க்கு ருசியான, விலை போகிற மீன். கரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் டாக்டர் ஆயிற்றே.

டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசினேன். கதையில் கம்பிமேல் நானே ஏறிவிட்டேன். திரும்பி வந்தபோது பெட்டி வைத்த இடம் காலியாக இருந்தது.

"வவ்வால் எங்கக்கா?"

"ஐஸ்ல கீதுடா. நீ வர்றதுக்குள்ள கெட்டுப்பூடக்கூடாதுல்ல. பிரிக்காம அப்பிடியே, அட்டை நனையாம கவர்ல கட்டி வச்சிருக்கேன்."

ஐஸ் பெட்டியைத் திறந்து, கவரைக் கிழித்து, துண்டைப் பிரித்தேன். குட்டி தன் இறக்கையாலேயே தன்னைப் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தது. அக்கா அதை வெடுக்கென்று பிடுங்கி, மாராப்புக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அது ஒரு தடவை வாயைத் திறந்தது. ரெண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். அப்புறம் அது திறக்கவே இல்லை.

தினம் கூடை கூடையாய் மீன் அரிகிறவள் அன்று தேம்பித் தேம்பி அழுதாள்.

"வவ்வாலு வவ்வாலுன்னியே. ஒரு வார்த்த, புள்ளன்னு சொல்லியிருக்கக்கூடாதாடா?"

அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. அடுத்த பஸ்ஸில் போயிருந்தால் அது பிழைத்திருக்கும். பெரிய சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதும் நான் எந்தப் பையோடு அக்கா வீட்டுக்குப் போனாலும், "இன்னாப்பா டாக்டரு, ஐஸ்ல வெக்கறதா, தூளியில போடறதா?" என்று மாமா கேட்பார். வீடே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். என் பையை வாங்கி, உள்ளே கைவிட்டு மெதுவாகத் தடவிப் பார்த்த பிறகுதான் கீழே வைப்பாள்.