ஆறக்கூடாத கசாயம்

“வாற திருவிழாவுக்கு முன்தண்டிலை என்ரை தோள்தான் இருக்கும், ஞானம். பார்த்துக்கொண்டிரு!”

தம்பிஐயா இப்படிச் சபதம் செய்தபோது அவருடைய மனைவி ஞானாம்பிகை தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவலை நிறுத்தவில்லை.

“தோள் இருக்கும். மூச்சு இருக்குமோ?”

போன திருவிழாவில் நடந்தது அப்படி. ஒழுங்கைப் பிள்ளையாரைத் வாகனத்தோடு தோளில் காவிச் சுமந்து வெளிவீதி சுற்றும்போது, முன்தண்டில் நின்ற தம்பிஐயாவுக்கு வடக்கு மூலையில் மூச்சு முட்டிவிட்டது. பிள்ளையாரும் இலேசான ஆளில்லை. “ஆரும் பிடியுங்கோ!” என்று அவர் கத்த, அடுத்த வீட்டு நமசிவாயம் பாய்ந்து வந்து தோள் கொடுத்தார். கொடுத்த தோளை அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரான அவர் இதை எப்படித் தாங்குவது?

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து பின் ஒழுங்கையில் குடியிருந்த யாகோப்பு, இளந்தாரிமாருக்குத் தேகப்பயிற்சி பழக்குகிறவர். யுத்தத்தால் சீமெந்துக்குத் தடை என்றபடியால், பால்மா வந்த தகர ரின்களில் மணலை அடைத்து இரும்புக் குழாயில் கொழுவிப் பாரங்கள் செய்துவைத்திருந்தார். தம்பிஐயா போய் நின்றார்.

“மனேச்சர், திங்கள், புதன், வெள்ளி தூக்க வேணும். செவ்வாய், வியாழன், சனி ஓட வேணும். தூக்கிறது தோளுக்கு, ஓடுறது மூச்சுக்கு. ஒண்டை விட்டிட்டு ஒண்டு சரிவராது.”

“அப்ப ஞாயிறு?”

“நான் பூசைக்குப் போவன். நீங்கள் படுங்கோ.”

தூக்குவது தம்பிஐயாவுக்குப் பிடித்துப்போயிற்று. சேட்டுக் கை இறுகியது. கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை மடக்கி மடக்கிப் பார்த்தார். ஓட்டம்தான் ஒத்துவரவில்லை. சங்கக்கடையில் வியாபாரமே ஓடவில்லை, மனேச்சர் மட்டும் ஏன் ஓட வேண்டும்?

ஆகவே ஓட்ட நாட்களில் விடியக் காலமை பெனியனோடு துள்ளிக்கொண்டு புறப்படுவார். சந்திச் சலூன் வாங்குப் பலகையில் குந்தி இருந்து ஊர்க்கதை கேட்பார். திரும்புகிற வழியில் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, வீட்டுப் படலைக்குக் கிட்ட வரும்போது மட்டும் இரண்டு இளைப்பு இளைப்பார்.

“ஐயோ, என்ன வேர்வை!” என்பாள் ஞானாம்பிகை. “கழட்டித் தாங்கோ, தோய்ப்பம்.”

சோப்பு கிடைக்காத காலம். ஒருநாள் பெனியனைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “உங்கடை வேர்வைக்குச் சோப்பே தேவையில்லை.”

தம்பிஐயா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் விடிய, வாயைத் துணியால் கட்டிய தூக்குச்சட்டி ஒன்றோடு அவள் வந்து நின்றாள். வேர்க்கொம்புச் சுக்கின் மணம் மூக்கைத் துளைத்தது.

“இஞ்சருங்கோ, அக்காவுக்குக் கால் குத்தாம். நேற்று முழுக்க அழுதவவாம். கசாயம் அவிச்சிருக்கிறன். எப்பிடியும் ஓடத்தானே போறியள், கோண்டாவில் பக்கமா ஓடுங்கோ.”

“கோண்டாவிலுக்கோ! சயிக்கிளிலை போனால் என்ன?”

“சயிக்கிள் எனக்கு வேணும். செவ்வாய், வியாழன், சனி பிள்ளையளுக்கு ரியூசன் குடுக்க ஒத்துக்கொண்டிட்டன்.”

“நடந்து போறனே.”

“ஆறிப்போகும். ஆறினால் மருந்தில்லை, நஞ்சு எண்டு பரியாரியார் சொன்னவர்.”

தம்பிஐயா கொஞ்சம் ஓடினார், நிறைய நடந்தார். ஞானாம்பிகையின் அக்கா பாலேஸ்வரி வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டியைத் தொட்டுப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“ஆறிப்போச்சுது, தம்பி. பரவாயில்லை. இண்டைக்கும் நோவோடை கிடக்கிறன்.”

அந்த ‘பரவாயில்லை’ அவரைச் சுட்டது. மனிதர் சோம்பேறியே தவிரக் கல்நெஞ்சக்காரர் இல்லை. வியாழக்கிழமை பாதித் தூரம் ஓடினார். சனிக்கிழமை இன்னும் கொஞ்சம். நெஞ்சு அடித்தது, விலாவில் பிடித்தது, நாய்கள் துரத்தின. நாய்கள் துரத்திய இடங்களில் கசாயம் நல்ல சூட்டோடு போனது.

வாரங்கள் போக, நாய்களே அலுத்து விட்டுவிட்டன. ஒரு வியாழக்கிழமை பாலேஸ்வரி சட்டியைத் தொட்டுவிட்டு “ஸ்ஸ்!” என்று கையை உதறினாள். தம்பிஐயாவுக்குப் பரீட்சை பாஸானதுபோல் இருந்தது.

திருவிழா வந்தது. முன்தண்டில் தம்பிஐயா. பக்கத்திலேயே, எப்போது கூப்பிடுவார் என்று பார்த்தபடி நமசிவாயம். மேற்கு வீதி போனது. வடக்கு மூலை வந்தது. தம்பிஐயா கண்ணை மூடிக்கொண்டார். இப்போது முட்டும், இதோ முட்டும் என்று காத்திருந்தார். முட்டவில்லை. மூச்சு தன்பாட்டில் போய்வந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்தால் கிழக்கு வீதி! “அரோகரா!” என்று அவர் போட்ட சத்தத்தில் நாதசுரக்காரர் திரும்பிப் பார்த்தார். இருப்பிடத்தில் சுவாமியை இறக்கிவைத்தபோது, ஒரு வருடமாய்த் தோளில் கிடந்ததும் சேர்ந்தே இறங்கிற்று. நமசிவாயம்கூட வந்து கையைப் பிடித்து, “பரவாயில்லை, மனேச்சர்” என்றார்.

வீட்டுக்கு வந்தவருக்கு மனம் இளகியிருந்தது.

“ஞானம், உண்மையைச் சொன்னால், இந்த மூச்சு மச்சாளின்ரை கால் தந்த மூச்சு. பாவம், இப்ப எப்பிடி இருக்கு அவவுக்கு?”

“அக்காவின்ரை காலுக்கு என்ன? அது எப்பவும் நல்லாத்தான் இருக்கு.”

“என்ன?”

“மணக்காத பெனியனை நான் எவ்வளவு நாளைக்குத் தோய்க்கிறது? அதுதான் ரெண்டுபேருமாக் கதைச்சு ஒரு வழி பண்ணினனாங்கள்.”

தம்பிஐயா மெதுவாகக் கதிரையில் இருந்தார். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். அதுவும் வரவில்லை. மச்சாளுக்கு நோவில்லை, நமசிவாயத்துக்கு வாயில்லை. நெஞ்சு பஞ்சாய் இருந்தது. ஒன்றுதான் விளங்கவில்லை.

“அப்ப நான் சுடச்சுடக் கொண்டு ஓடின கசாயம்?”

“கஞ்சித்தண்ணி. மேலை கொஞ்சம் வேர்க்கொம்பு தட்டிப் போட்டனான்.”

“அதை ஆர் குடிச்சது?”

“அக்காவின்ரை பசு,” என்றாள் ஞானாம்பிகை. “செவ்வாய்க்கிழமை விடிஞ்சால் உங்களைத் தேடிக் கத்துதாம்.”