மாக்கல் முயல்

"இந்தக் காதும் போச்சா?" என்றார் சிற்ப வாத்தியார்.

உடைந்த காதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தையல்காரர் திருதிருவென்று விழித்தார். இன்னொரு காது முந்தாநாளே போய்விட்டது.

மாக்கல் மெத்தென்ற கல். நகம் பட்டாலே கீறும். புதிதாகக் கற்பவர்களுக்கு அதைவிடத் தோதான கல் கிடையாது என்றுதான் வகுப்பு வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். "மெல்லிசான இடத்தைக் கடைசியில தொடுங்க" என்று வாத்தியாரும் தலைதலையாய் அடித்துக்கொண்டார். தையல்காரரோ, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று, காதிலிருந்துதான் ஆரம்பித்தார்.

"விடுங்க சார், பூனையா மாத்திடறேன். எத்தனை முழுக்கையை அரைக்கை ஆக்கியிருக்கேன்!"

அரத்தால் ராவ ராவப் பூனையின் காதும் கரைந்தது. அதைச் சரிசெய்யப் போய் வால் விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஆமையில் வந்து நின்றது. அதற்கும் தலை இல்லை.

"தலையை உள்ள இழுத்துக்கிச்சுன்னு வெச்சுக்கலாமே" என்றார் வாத்தியார்.

"முயல்தான் வேணும் சார். நாளைக்கு என் வீட்டுக்காரி மக வீட்டுலேருந்து வந்துடுவா."

வேறு வழியில்லாமல் உண்மையைக் கக்கினார். கல்யாணமான புதிதில், ஒற்றை அறை வீட்டில், கடையில் வாங்கிய மாக்கல் முயலை அவளிடம் நீட்டி, "நானே செதுக்கினேன்" என்று அளந்துவிட்டார். அளப்பது அவர் தொழில்தானே! அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அதற்காகவே அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தார். எத்தனையோ வீடு மாறினார்கள். எல்லா வீட்டிலும் முயல்தான் முதலில் அலமாரி ஏறும். போன வாரம் தூசி தட்டும்போது அவர் கை தவறிவிட்டது.

"உடைஞ்ச துண்டு இருக்கா? ஒட்ட முடியுதான்னு பாப்போம்."

வெட்கப்பட்டு இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த கைக்குட்டைப் பொட்டலத்தைத் தையல்காரர் அவிழ்த்தார். வாத்தியார் ஒரு துண்டை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அட, இது போன வருஷம் இங்க ஒரு அம்மா செஞ்சதாச்சே! வீட்டுக்காரர் தன் கையால செதுக்கிக் குடுத்ததை உடைச்சுட்டாங்களாம். அதை ஒப்புக்கு ஒட்டி அலமாரியில வெச்சுட்டு, தினமும் அவர் கடைக்குப் போனதும் ஓடி வந்து, 'என்ன செஞ்சாலும் அவர் கைவேலை மாதிரி வரலையே'ன்னு அழுதுக்கிட்டே, இதே பெஞ்சுல மூணு மாசம் ராவினாங்க."