பூட்டுக்காரன் சைக்கிள்

என் சைக்கிளை நானே திருடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

சாதாரணத் தீர்மானம் இல்லை. குளித்து, தலை வாரி, கண்ணாடி முன்னால் நின்று எடுத்த தீர்மானம். என் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக நான் எடுத்த முடிவு இதற்கு முன் ஒன்றுதான். அதுவும் கல்யாணத்தில் முடிந்தது.

பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மருந்துக்கடை முக்கில் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று இடது கை, ‘நான் வரல, நீ போ’ என்றது. இடது காலும் அதோடு சேர்ந்துகொண்டது. மிச்சம் இருந்த பாதி ஆளால் என்ன செய்ய முடியும்? நானும் சைக்கிளும் சாக்கடை ஓரமாகப் படுத்துக்கொண்டோம். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது சைக்கிள் எனக்கு முன்பே வந்து ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. அதன் மேல் ஒரு கீறல் இல்லை. துரோகி.

இப்போது நடக்கிறேன். பேச்சும் தெளிவாகிவிட்டது. அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்பது என் மனைவியின் கருத்து.

அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே சத்தம் போடக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் சத்தம் போடமாட்டாள். மெதுவாகத்தான் பேசுவாள். கத்துகிற மனைவியைச் சமாளித்துவிடலாம். கத்தி முடித்ததும் தண்ணீர் குடிக்கப் போவார்கள், நாம் நழுவிவிடலாம். மெதுவாகப் பேசுகிறவளுக்குத் தாகமே எடுக்காது.

“எப்போ சைக்கிள் எடுக்கப் போறே?” என்று தெருவில் யார் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் தயார்.

“நான் ரெடி. வீட்டுல விட்டாத்தானே?”

சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவேன். அதற்கு நல்ல மரியாதை கிடைத்தது. மருந்துக்கடை முக்கு வந்தால், நடந்து போகும்போதே நான் எதிர்ப்பக்கம் மாறிவிடுவேன். அது வேறு விஷயம். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பயிற்சி கொடுக்க வரும் பிசியோ அம்மா எனக்கு ஒரு மஞ்சள் ரப்பர் பந்து கொடுத்தாள். “சார், இதை இடது கையால அமுக்கிக்கிட்டே இருங்க. விரல்ல பிடி வந்தாத்தான் பிரேக் பிடிக்க முடியும். அப்புறம் கையைத் தலைக்கு மேல தூக்கணும்.”

முப்பது வருஷமாகப் பூட்டுக்கடை வைத்திருப்பவன் நான். சாவி தொலைத்துவிட்டு ராத்திரியில் அழுதுகொண்டு நின்ற எத்தனை பேருக்கு இந்தக் கை கதவைத் திறந்துவிட்டிருக்கிறது! அந்தக் கை மஞ்சள் பந்தை அமுக்குமா? அவள் போனதும் பந்தைப் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு எறிந்துவிட்டேன். வலது கையால்.

“பந்து எங்க?” என்றாள் மனைவி.

“உருண்டு போச்சு.”

“எங்க உருண்டு போச்சு?”

“பந்துன்னா உருளத்தானே செய்யும்? சொல்லிட்டா போகும்?”

புத்தகத்தை நாய் தின்றுவிட்டது என்று சொல்கிற ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். மறுநாள் காலையில் கொல்லைப்புறத்தில் என் சைக்கிளின் பின்சக்கரத்தில் சங்கிலி கோத்து ஒரு பூட்டு தொங்கியது.

“என்ன இது?”

“பூட்டு.”

“அது தெரியுது. நான் பூட்டுக்காரன். எதுக்குப் பூட்டு?”

“நான் விடமாட்டேங்கறேன்னுதானே ஊரெல்லாம் சொல்றீங்க? இனிமே நிஜமாவே விடல. சைக்கிளைத் தொட்டீங்க, பாருங்க.”

“சாவி?”

“என் பையில.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்பது மணிக்குப் போய்விட்டாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். இன்னும் கொதித்தது. அது என் கடைப் பூட்டு! என் கடை ஷட்டரைத் திறந்து, என் அலமாரியிலிருந்து என் பூட்டை எடுத்து, என் சைக்கிளுக்கே போட்டிருக்கிறாள். அப்போதுதான் கண்ணாடி முன்னால் போய் நின்று அந்தத் தீர்மானத்தை எடுத்தேன்.

சாவி இல்லாமல் பூட்டைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். வளைத்த கம்பியை இடது கை அழுத்திப் பிடிக்கவேண்டும். அந்த அழுத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வலது கை மெல்லிய கம்பியால் உள்ளே இருக்கும் முளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கவேண்டும். முன்பெல்லாம் இந்த மாதிரிப் பூட்டை நான் கொட்டாவி விடும் நேரத்தில் திறந்துவிடுவேன். இப்போது காலை முழுக்க உட்கார்ந்தேன். இடது விரல்கள் கம்பியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தன. திட்டினேன். கெஞ்சினேன். மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாள், ‘டக்’ என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்துக்குப் பதிலாக ஒரு சிம்மாசனத்தைக் கொடுத்தாலும் வாங்கமாட்டேன்.

அவள் வருவதற்குள் பழையபடி பூட்டிவிட்டேன். ஆனால் பெண்களுக்கு மூக்கில் ஏதோ இருக்கிறது. சில நாளில் அந்தப் பூட்டுப் போய், அதைவிடக் கடினமான ஒன்று வந்தது. அதையும் திறந்தேன். இன்னும் கடினமான ஒன்று வந்தது. ‘சந்தேகப்படுகிறாள், ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை’ என்று எனக்குள் ஒரே சிரிப்பு. கடைசியாகத் தொங்கியது கடையிலேயே பெரிய பூட்டு. அதன் முன்னால் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். இடது கை கம்பியைப் பிடித்திருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சரி, சைக்கிள் வெளியே வந்துவிட்டது. ஏறுவது யார்?

இங்கேதான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் அவரை ஹாரன் என்பார்கள். ரகசியம் பேசினாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

“அண்ணே, வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாது.”

“சேச்சே! நான் யார்கிட்டய்யா சொல்லப்போறேன்!” என்று ஊருக்கே கேட்கும்படி சத்தியம் செய்தார்.

முதல் நாள் சீட்டில் உட்கார்ந்தேன். ஆச்சரியம்! இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. முன்பு நுனிவிரல்தான் படும்.

“அண்ணே, என் கால் நீண்டுடுச்சு!”

“மாத்திரை வேலை செய்யுதுய்யா” என்றார் ஹாரன்.

நம்பினேன். மாத்திரைக்கு அவ்வளவு காசு வாங்குகிறார்களே, கொஞ்சம் உயரமும் கொடுக்கட்டும். பிறகு நாள் போகப் போக, கால் மறுபடி சுருங்கியது. இதையும் கேட்டேன்.

“வயசாகுதில்ல?” என்றார்.

கொஞ்ச நாள் தரையை உந்தி உந்தியே சந்தில் போனேன். பெடலில் கால் வைத்ததும் மருந்துக்கடை முக்கு கண் முன்னால் வந்து நிற்கும். ‘இடது கை இப்போது விட்டுவிடும், இப்போது விட்டுவிடும்’ என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

“யோவ் பூட்டு! கையைப் பாத்து ஓட்டறவனை இப்பத்தான்யா பாக்கறேன். ரோட்டைப் பாரு!”

“விழுந்துட்டா?”

“நான் கேரியரைப் பிடிச்சுக்கறேன். ஒரே ஒரு கண்டிஷன். திரும்பிப் பாக்கக் கூடாது. நான் இத்தனை வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், பின்னாடி பயணி ஏறிட்டானான்னு திரும்பிப் பாத்ததே இல்ல.”

“அதனாலதான் பாதி ஊர் உங்க பஸ்ஸுல ஏறல.”

“பேசாம மிதிய்யா. ரைட்... போலாம்!”

மிதித்தேன். கேரியரில் ஒரு பிடி இருந்தது. நல்ல பிடி. நான் இடது பக்கம் சாய்ந்தால் அது மெல்ல வலது பக்கம் இழுக்கும். லாரி ஓட்டுகிற மாதிரி பஸ் ஓட்டிய மனுஷனுக்கு இவ்வளவு பதமான கையா என்று வியந்தேன். இப்படியே தினமும் சந்துக்குள் போய் வந்தோம். ஒரு நாள் சந்தைத் தாண்டிவிடுவது என்று முடிவு செய்தேன். தெருவைச் சுற்றி, மருந்துக்கடை முக்கில் திரும்பி, மறுபடி வீட்டு வாசலுக்கு.

“பிடிச்சுக்கோங்கண்ணே.”

“ரைட்!”

முக்கு வந்தது.

“அண்ணே, இருக்கீங்களா?”

பின்னாலிருந்து “ம்” என்று மட்டும் கேட்டது.

சைக்கிளை முக்கில் திருப்பினேன். இடது கை ஹாண்டில்பாரை விடவில்லை. மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார். ஒரு நாய் மரியாதையாக ஒதுங்கியது. சாக்கடை இருந்த இடத்திலேயே இருந்தது, நான் அதில் இல்லை! பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம்.

“அண்ணே, போதும், ஓடாதீங்க. உங்களுக்கு மூட்டுவலி!”

சொன்ன பிறகுதான் உறைத்தது. மூட்டுவலிக்காரர் எப்படி ஓடுகிறார்?

கடைசித் திருப்பம் திரும்பினேன். எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஹாரன். கையில் காபி.

இடது கை பிரேக்கைப் பிடித்தது. நான் சொல்லாமலே பிடித்தது. சைக்கிள் நின்றது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

என் மனைவி. முகமெல்லாம் வேர்வை. ஒரு காலில் செருப்பு இல்லை.

“நீ நூலகம் போகல?”

“பதினோரு மணிக்குத்தான் போறேன், ஒரு மாசமா. அதுவரைக்கும் பக்கத்து வீட்டு அண்ணா வீட்டுல இருப்பேன்.” மூச்சு வாங்கும்போதும் மெதுவாகத்தான் பேசினாள்.

“அப்போ சீட்டு?”

“நான்தான் இறக்கினேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன்.”

“பூட்டு?”

“பந்து உருண்டு போச்சே. விரலுக்கு வேற வேலை வேணாமா? அந்த பிசியோ அம்மா கிட்ட கேட்டுத்தான் ஒவ்வொண்ணா மாத்தினேன். சுலபமானதுலேருந்து கஷ்டமானதுக்கு.”

“நேராவே சொல்லியிருக்கலாமே!”

“செய்யுங்கன்னா எதைச் செஞ்சிருக்கீங்க?”

ஹாரன் காபியை உறிஞ்சினார். நான் அவரை முறைத்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

“நீ பிடிச்சிருந்ததாலதான் வந்தேன்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“மருந்துக்கடை வரைக்கும்தான் பிடிச்சேன். முக்குல விட்டுட்டேன். சும்மா கூட ஓடிவந்தேன்.” முகத்து வேர்வையைத் துடைத்தாள். “அங்க விடறதுக்கு எனக்குத்தான் ரொம்ப பயமா இருந்துச்சு.”

சைக்கிளில் திரும்பிப் போய் அவளுடைய செருப்பைத் தேடி எடுத்து வந்தேன். தனியாக.

மறுநாள் நானே கடை ஷட்டரைத் தூக்கினேன். சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்கு வந்தால், சமையலறையில் பிஸ்கட் டப்பாவைக் காணோம். அண்ணாந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற பலகையில், இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. வலது கை எட்டாதபடி அந்தப் பக்கத்தை அலமாரி மறைத்திருந்தது.

“அதைத் தொட்டீங்க, பாருங்க” என்று சொல்லிவிட்டு அவள் பின்பக்கம் போனாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தடவை ஏமாந்தவன் மறுபடியும் ஏமாறுவானா? இது கையைத் தலைக்கு மேலே தூக்குகிற பயிற்சி. எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். நான் ஒன்றும் தூக்கப்போவதில்லை.

ஆனால் பிஸ்கட்?

இடது கையைத் தூக்கினேன். தோள் முனகியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூக்கினேன். விரல் நுனி டப்பாவைத் தொட்டது, நகர்த்தியது, பிடித்தது. இறக்கிவிட்டேன்! சத்தம் வராமல் மூடியைத் திறந்தேன்.

உள்ளே பிஸ்கட் இல்லை. மஞ்சள் பந்து இருந்தது.