பொத்தான் அமுக்குற வேலை

உக்காருங்கப்பா, உக்காருங்க. டயர் கடை அண்ணே, அந்த நாற்காலிய இழுத்துப் போட்டுட்டு வாயை மூடுங்க. பல் டாக்டரே, ஊருல எல்லார் வாயையும் தொறக்கச் சொல்ற ஆளு நீங்க, இப்பக் கொஞ்சம் உங்க வாயை மூடிக்குங்க. காலையிலேருந்து எல்லாரும் ஒரே கேள்வி. "பந்தயத்துல ஓடுற கார் உன்னுது. உள்ள உக்காந்திருக்கிறது உன் பொண்டாட்டி. நீ ஏன் கூடாரத்துல கம்ப்யூட்டர் முன்னாடி குந்தியிருக்கே?" சொல்றேன். அடுத்த முறை அவளுதுதான், ஆனா அவ கிளம்ப இன்னும் நேரம் இருக்கு.

இதோ என் பக்கத்துல இருக்காரே, இவரு என் மாமனார். இவரைக் கண்டுக்காதீங்க. நான் பொண்ணு கேட்டுப் போனப்ப "சரி"ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அதோட கடையைச் சாத்தினவருதான். அந்த ஒண்ணைச் சொன்னதுக்கே இன்னும் வருத்தப்படுறாரோ என்னமோ.

விஷயம் இதுதான். நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேனா, அதனால எனக்குக் கம்ப்யூட்டர் தலைகீழாத் தெரியும்னு நம்ம கிளப்புக்கு ஒரு நெனப்பு. தலைகீழாத்தான் தெரியும். நேரா வச்சா தடுமாறுவேன். "நேரம் கணக்குப் பண்ற சாஃப்ட்வேரை நீயே போட்டுக் குடு"ன்னு என் தலையில கட்டிட்டீங்க. கிளம்புற இடத்துல ஒரு கம்பம், முடியுற இடத்துல ஒரு கம்பம். ஒவ்வொரு வண்டியிலயும் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வில்லை. வில்லை கம்பத்தைத் தாண்டினா திரையில நேரம் விழும். ஒண்ணே ஒண்ணு, ஒவ்வொரு வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியும் திரையில இருக்குற இந்த 'ரெடி' பொத்தானை அமுக்கணும். அமுக்கலேன்னா குறுக்கால யானையே போனாலும் இதுக்குத் தெரியாது.

வேலை சுலபம். சிக்கல் வீட்டுல. கார் ஒண்ணு. கிளப் சட்டப்படி ஒரு காருக்கு ஒரு ஆளு. ஓட்ட ஆசைப்பட்டது ரெண்டு பேரு.

"நான்தான் ஓட்டுவேன்"னேன்.

"நான் டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்குடுக்குறவ. நீங்க ரிவர்ஸ் எடுத்தா எதிர்வீட்டுக்காரர் குழந்தைங்களை உள்ள கூப்பிட்டுக்குறாரு."

"பந்தயத்துல ரிவர்ஸே கிடையாதுடி!"

"உங்களை ஓட்ட விட்டா இருக்கும்."

பேசி ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. விஞ்ஞானத்தைக் கூப்பிட்டேன். உலகத்துல எந்தப் புருஷனும் நிரூபிக்காத ஒண்ணை நான் நிரூபிக்கப் போறேன்: வெளியில கிளம்ப பொண்டாட்டி எவ்வளவு நேரம் எடுக்குறா! ஒரு கம்பத்தைப் படுக்கையறை வாசல்ல நட்டேன். இன்னொண்ணு தெருக் கதவுகிட்ட. 'பயிற்சி'ன்னு ஒரு பொத்தான் இருக்கு. அதை அமுக்கிட்டா, போறது வர்றது எல்லாம் பதிவாகும். வில்லையை யாருக்கும் தெரியாம அவ கைப்பையில போட்டேன். எனக்கு வில்லை எதுக்கு? என் சுறுசுறுப்புதான் ஊருக்கே தெரியுமே!

அன்னிக்கு அவ அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்துச்சு. கிளம்பினோம், போனோம், வந்தோம்.

என்ன சத்தம் அது? நம்ம காரா? அட, உக்காருங்கண்ணே! அவ இன்னும் கண்ணாடியைத் திருப்பிக்கிட்டு, சீட்டை முன்னபின்ன நகர்த்திக்கிட்டு இருப்பா. எனக்குத் தெரியாதா அவளை? எங்க விட்டேன்?

ஆங், வந்ததும் திரையைப் பாத்தேன். அடேங்கப்பா! அந்த வில்லை நடந்த நடை இருக்கே, தறியில நாடா ஓடுற மாதிரி! வெளியில போயி, உள்ள வந்து, மறுபடி போயி, மறுபடி வந்து... எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, சந்தோஷத்துல. மாமனாரை நீதிபதியா உக்கார வச்சு, அவளைக் கூப்பிட்டு, வக்கீலாட்டம் தொண்டையைக் கனைச்சேன்.

"வாசலைத் தாண்டவே இவ்வளவு தடுமாறுற ஒரு ஜீவன் பந்தயக் கோட்டுல நிக்கலாமா?"

"யாரைச் சொல்றீங்க?"

"வில்லை யாருகிட்ட இருந்துச்சோ அந்த ஆளை."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்! அந்த ஆளு காரைத் தொடக்கூடாது. கூடாரத்துல உக்காந்து பொத்தான் அமுக்கணும். இதான் தீர்ப்பு. அப்பீல் கிடையாது!"

"அப்பா, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

மாமனார் தலையாட்டினாரு. அவர் தலையாட்டினா பத்திரத்துல கையெழுத்துப் போட்ட மாதிரி.

"சரிங்க, வில்லையைக் காட்டுங்க."

கைப்பையை மேசை மேல கவுத்தேன். சீப்பு விழுந்துச்சு. குடை விழுந்துச்சு. நான் தொலைச்சுட்டு ஊரையே திட்டின என் பேனா விழுந்துச்சு. வில்லை விழல.

"எங்கடி?"

"அந்தப் பொத்தானா? காலையிலயே பையில கையை விட்டப்ப கிடைச்சுது. உங்க சாமான்தானேன்னு உங்க மூக்குக்கண்ணாடிக் கூட்டுல போட்டு வச்சேன்."

கூட்டை எடுத்து ஆட்டினேன். கடகடன்னுச்சு.

கூடு என் சட்டைப் பையை விட்டு நகராதே! அப்ப கார் சாவிக்காக உள்ள ஓடினது நான். போனுக்காக ஓடினது நான். அடுப்பை அணைச்சோமான்னு பாக்கப் போனதும் நான். அட, கண்ணாடிக் கூட்டைத் தேடி வீடு பூராப் போனதும் நான்தான், அதைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டே!

"அப்ப நீ எங்கடி இருந்தே?"

"கார்ல. ஹாரன் அடிச்சேனே, கேக்கலையா?"

அதான் இங்க உக்காந்திருக்கேன். சிரிங்க, நல்லா சிரிங்க. ஆனா ஒண்ணு, எனக்கு வருத்தமே இல்ல. ஓட்டுறது யாரு வேணா ஓட்டலாம்ணே. நான் இதை அமுக்கலேன்னா அவ எப்பேர்ப்பட்ட வேகத்துல ஓட்டினாலும் ஓட்டாத கணக்குதான். வீட்டுல அவ ராஜ்யம். இங்க அவ நேரமே என் விரல் நுனியில! என்ன, வெளியில கைதட்டுறாங்க? எவனோ டீ கொண்டு வந்திருப்பான். சரி சரி, நகருங்க, அடுத்து எங்க வீட்டம்மாதான். திரை மங்கலாத் தெரியுதே, என் கண்ணாடி எங்க... என்ன மாமா? வாயைத் தொறக்குறீங்க? நீங்களா?

"அவ ஓட்டி முடிச்சு இறங்கியாச்சு மாப்ளே. பொத்தானை நானே அமுக்கிட்டேன், நீங்க நிதானமாக் கண்ணாடியைத் தேடுங்க."